வலது குதிகால்

தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து மழைக்காலத்தில்தான் வேம்புலியின் பந்து வலது பக்கம் ஓட ஆரம்பித்தது. அதற்கு முன்னாலும் அவர் பெரிய ஆட்டக்காரர் இல்லை. ஆனாலும் அவர் அடித்தால் பந்து எங்கே விழும் என்று கூட ஆடுகிறவர்களுக்குத் தெரியும். ரொம்ப தூரம் போகாது, புதருக்குள்ளும் போகாது. புல்வெளியின் நடுவில் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

வேம்புலி ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, ஃபிட்டராகி, ஐம்பதை நெருங்கும்போது டூல் ரூம் ஃபோர்மேன் ஆகியிருந்தார். நெமிலிச்சேரியில் சொந்தமாக ஓட்டு வீடு, ஒரே மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அவருடைய அப்பா அடுத்தவர் கழனியில் ஏர் ஓட்டியவர். அவர் பிள்ளை கோல்ஃப் ஆடுவான் என்று யாராவது சொல்லியிருந்தால், அது என்ன பதார்த்தம் என்று கேட்டிருப்பார்.

கோல்ஃப் வந்தது டிசைன் செக்‌ஷன் அதிகாரி பார்த்தசாரதியால். தலை கழன்றுபோன மட்டை ஒன்றை அவர் டூல் ரூமுக்கு எடுத்துக்கொண்டு வந்தார். வேம்புலி அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, "இத்த எப்டி சார் புடிப்பீங்க?" என்று கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையே பார்த்தசாரதி அவரை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் பட்டாளத்து வளாகத்துக்குள் இருந்த மைதானம் அது. சுற்றிலும் பனைமரம், கருவேலம். குழியைச் சுற்றிப் பசும்புல் கிடையாது, எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி வைத்திருப்பார்கள். அதற்கு 'பிரவுன்' என்று பெயர். தொழிற்சாலையில் ஃபோர்மேன் வரைக்கும் உறுப்பினர் ஆகலாம் என்று விதியைத் தளர்த்தியிருந்த காலம். வேம்புலி சேர்ந்துகொண்டார்.

அவரைப் பிடித்து இழுத்தது ஆட்டம்கூட இல்லை, வீச்சுதான். மட்டையைப் பின்னால் கொண்டுபோகும்போது தோள் நன்றாகத் திரும்ப வேண்டும், இடுப்பு அதில் பாதிதான் திரும்ப வேண்டும். அப்போது உடம்பு முறுக்கேறிய கயிறு மாதிரி ஆகிவிடும். திரும்பி வரும்போது கையை ஓங்கிக்கொண்டு வரக்கூடாது. முதலில் இடது இடுப்பு நகரும். அது தன் வேகத்தை மார்புக்குக் கொடுத்துவிட்டு அடங்கும். மார்பு தோளுக்குக் கொடுக்கும், தோள் கைக்கு, கை மணிக்கட்டுக்கு. கடைசியில் அத்தனை வேகமும் மட்டையின் தலைக்குப் போய்ச் சேரும்போதுதான் பந்து அங்கே இருக்க வேண்டும். பல்சக்கரங்களோடே வாழ்ந்தவருக்கு இது புரிந்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. மனைவி சொர்ணத்திடம் வீட்டில் துடைப்பத்தை வைத்துக்கொண்டு செய்து காட்டினார். "அதால கூட்டவும் செய்யலாம்" என்றாள் அவள்.

அப்படிப்பட்ட வீச்சுதான் இப்போது கெட்டுப்போயிருந்தது. பந்து கிளம்பும்போது நேராகக் கிளம்பி, பாதி தூரத்தில் வலது பக்கமாக வளைந்து கருவேலத்துக்குள் போய் விழுந்தது. பழைய தூரமும் இல்லை. பார்த்தசாரதி பிடியை மாற்றச் சொன்னார், மாற்றினார். பந்தைக் கொஞ்சம் பின்னால் வைக்கச் சொன்னார், வைத்தார். வலது தோள் இறுக்கமாக இருந்ததால் சொர்ணம் ராத்திரியில் தைலம் தேய்த்துவிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

"உங்க ஸ்விங்கை நீங்களே பார்த்தாதான் புரியும் வேம்புலி" என்றார் பார்த்தசாரதி. "கண்ணாடியில பார்க்க முடியாது. வெளிநாட்டுல எல்லாம் வீடியோ எடுத்துப் பார்க்கறாங்க."

வீடியோ என்றதும் வேம்புலிக்கு அப்துல் முத்தலிப் நினைவு வந்தது. பூந்தமல்லியில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவர் அவர்தான். வேம்புலி போய் விஷயத்தைச் சொன்னதும் முத்தலிப் சிரித்தார்.

"தாலி கட்றத எடுத்துக்கீறேன், காது குத்தறத எடுத்துக்கீறேன். இது புச்சா கீது அண்ணாத்தே. வர்றேன்."

அடுத்த ஞாயிறு காலையில் முத்தலிப் கேமராவைத் தோளில் சுமந்துகொண்டு மைதானத்துக்கு வந்தார். கல்யாண வீட்டுப் பழக்கம் அவரை விடவில்லை. வேம்புலி பந்தை அடிப்பதை மட்டும் எடுக்காமல், பையைத் தூக்கிக்கொண்டு நடப்பது, குனிந்து பந்தைத் தேடுவது, பார்த்தசாரதியோடு பேசிக்கொண்டு வருவது எல்லாவற்றையும் எடுத்தார். "எங்கள எதுக்குப் பாய் புடிக்கிற? மட்டையப் புடி" என்று வேம்புலி கத்தினார். முத்தலிப் கேட்கவில்லை.

சாயங்காலம் மூன்று பேரும் ஸ்டுடியோவில் உட்கார்ந்தார்கள். எடிட்டிங் டெக்கில் ஒரு சக்கரம் இருந்தது. அதைத் திருப்பத் திருப்பப் படம் துளித்துளியாக நகர்ந்தது. வேம்புலி தன் உடம்பை முதல்முறையாக வெளியே இருந்து பார்த்தார். மட்டை பின்னால் போனது. தோள் பழையபடி திரும்பவில்லை, பாதியிலேயே நின்றுவிட்டது. கீழே வரும்போது இடுப்பும் கையும் ஒன்றாகவே கிளம்பின. ஒன்று முடித்து மற்றதற்குக் கொடுப்பது என்பதே இல்லை.

பார்த்தசாரதி திரையில் விரலை வைத்தார். "இங்க பாருங்க. அடிச்சு முடிச்சப்புறம் வலது குதிகால் மேல எழும்பி, கட்டைவிரல் மட்டும் தரையில இருக்கணும். உங்களுக்குக் கால் அப்படியே தட்டையா கிடக்குது. எடை பூரா பின்னாடியே தங்கிடுது. வலது கால் தள்ளவே இல்ல. அதான் மட்டைத் தலை வெளிப்பக்கமா திறந்தபடி வருது, பந்து வலது பக்கம் வளையுது."

காரணம் கிடைத்துவிட்டது என்று வேம்புலிக்கு ஒரே சந்தோஷம். மெஷினில் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கேசட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அதற்கப்புறம் வாரக்கணக்கில் அந்தக் குதிகாலோடு அவருக்கு மல்லுக்கட்டு. கொல்லைப்புறத்தில் மட்டையில்லாமல் வீசிப் பார்த்தார். குதிகாலுக்கு அடியில் ஒரு சின்ன மரக்கட்டையை வைத்துப் பார்த்தார். நினைத்துக்கொண்டே செய்தால் குதிகால் எழும்பியது, ஆனால் அந்த நேரத்தில் கை தாமதித்தது. கையை நினைத்தால் குதிகால் மறந்துபோனது. முன்பெல்லாம் இதில் எதையுமே அவர் நினைத்ததில்லை என்பதுதான் அவரை அதிகமாக உறுத்தியது. சாப்பிடும்போது வாய்க்குக் கை போவதை யாராவது நினைத்துக்கொண்டா சாப்பிடுகிறார்கள்?

ஒரு சனிக்கிழமை தெருமுனையிலிருந்து வாடகைக்கு வீடியோ டெக் எடுத்துவந்து, கேசட்டை மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சொர்ணம் கீரையை ஆய்ந்துகொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் தன் வீச்சையே முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு அலுத்துவிட்டது.

"அந்த நடந்து வர்ற எடத்தப் போடுய்யா. சார் இன்னா சட்ட போட்டுகினு கீறார் பாக்கலாம்."

போட்டார். பார்த்தசாரதியும் வேம்புலியும் பனைமர வரிசைக்கு முன்னால் பேசிக்கொண்டே வந்தார்கள். சொர்ணம் கீரையை மடியில் வைத்துவிட்டுத் திரையையே பார்த்தாள்.

"இன்னாய்யா, ஒனக்கு ஒரு கை ஆடவே இல்ல?"

"எது?"

"பாரு. சாருக்கு ரெண்டு கையும் வீசிகினு வருது. ஒனக்கு எடது கை வீசுது. சோத்துக் கை மட்டும் கட்டி வெச்ச மாதிரி தொங்குது."

"தோள்பட்டை வலி. புடிச்சிகினு கீது."

அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து மகள் கல்யாண கேசட்டை எடுத்து வந்தாள். அதில் வேம்புலி பட்டு வேட்டியில் மண்டபத்து வாசலிலிருந்து மேடை வரைக்கும் யாரையோ கூப்பிட்டுக்கொண்டு விரைந்து நடந்தார். இரண்டு கையும் தாராளமாக வீசின. நடை துள்ளலாக இருந்தது. இரண்டையும் எடுத்தவர் ஒரே ஆள், கேமராவும் ஒன்றே. நடந்தவர் மட்டும் வேறு ஆள் மாதிரி இருந்தது.

"நானும் சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள் சொர்ணம் மெதுவாக. "சட்டப் பித்தான் போட எம்மாம் நேரம் ஆவுது ஒனக்கு? கையெழுத்து எறும்பு மாதிரி சின்னதாப் பூட்சி. வயசாவுதுன்னு நெனச்சேன்."

வேம்புலி டெக்கை அணைத்தார். தன் வலது கையை மடிமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது நடுங்கவில்லை, வலிக்கவும் இல்லை. அவர் கைதான். ஆனால் இத்தனை நாளாக அதனிடம் தான் கேட்காமலே அது செய்துகொண்டிருந்த வேலையை எப்போது நிறுத்தியது என்று அவருக்குத் தெரியவில்லை.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் அவரை வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தார். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துத் தட்டச் சொன்னார். மணிக்கட்டைப் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டினார். பல்சக்கரத்தில் பல் மாட்டி மாட்டி நகருவதுபோல அது விட்டு விட்டு நீண்டது. வேம்புலிக்கே அது தெரிந்தது. டாக்டர் கேட்டதும் கேசட்டில் பார்த்ததைச் சொர்ணம்தான் சொன்னாள்.

"நல்ல வேளை பார்த்தீங்க" என்றார் டாக்டர். "இதுக்குப் பேரு பார்க்கின்சன்ஸ். நடுக்குவாதம்னு சொல்வாங்க. ஆனா எல்லாருக்கும் நடுக்கத்துல ஆரம்பிக்காது. மூளையில, தானா நடக்கற அசைவுகளை ஓட்டிவிடற இடத்தோட வேலை மெதுவாக் குறையுது. அதனாலதான் கை வீசறது, பித்தான் போடறது, இந்த மாதிரி நீங்க யோசிக்காம செய்யற விஷயம் முதல்ல போகுது. மாத்திரை தரேன். முழுசாக் குணமாகாது. ஆனா ரொம்ப வருஷம் நல்லா இருக்கலாம்."

"நா கோல்ஃப் ஆடறேன் டாக்டர்" என்றார் வேம்புலி. அந்த இடத்தில் அதைச் சொன்னது அவருக்கே வெட்கமாக இருந்தது.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "விட்டுடாதீங்க. ஆடற வரைக்கும் ஆடுங்க."

டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் வேம்புலி மட்டைப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். பார்த்தசாரதியிடம் தோள்பட்டை வலி என்று சொல்லி வைத்தார். வேலைக்குப் போனார், வந்தார். மாத்திரையால் உடம்பு கொஞ்சம் இளகியது. மனம்தான் இளகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் நாற்காலி போட்டு, நெமிலிச்சேரி ஸ்டேஷனில் வண்டி வருவதையும் போவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். தெருவில் போகிறவர்களின் கைகளையே கண் பார்த்தது. எல்லோரும் கையை வீசிக்கொண்டு போனார்கள். வீசுகிறோம் என்பதே யாருக்கும் தெரியவில்லை.

சொர்ணம் கொஞ்ச நாள் பொறுத்தாள். அப்புறம் ஒரு ஞாயிறு விடியற்காலையில் பையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து அவளே இழுத்துப் போட்டாள்.

"எழுந்திரு. நானும் வர்றேன்."

"நீ எதுக்கு அங்க?"

"நீ ஆடு, நா நடக்கறேன். எனக்கும் சக்கர கீதுன்னு சொல்லிகீறாங்க, நடக்கச் சொல்லிகீறாங்க. ரெண்டு வேலையும் ஒண்ணா ஆவட்டும்."

மைதானத்தில் அவ்வளவு காலையில் யாரும் இல்லை. பனி இன்னும் புல்மேல் கிடந்தது. வேம்புலி பந்தை மரக்குச்சிமேல் வைத்து நின்றார். பிடித்துக்கொண்டார். குதிகால், இடுப்பு, தோள் என்று ஒவ்வொன்றாக நினைத்தார். மட்டையை எடுக்க வேண்டும். எடுக்க முடியவில்லை. கைக்கு வலு இருந்தது. ஆனால் கிளம்பு என்று சொல்ல வேண்டிய ஆள் உள்ளே எங்கோ தூங்கிக்கொண்டிருந்தான். சிலைபோல நின்றார். நெற்றியில் வேர்த்தது.

சொர்ணம் கொஞ்சம் தள்ளி நின்று கருவேலத்தில் இருந்த கரிச்சானைப் பார்ப்பதுபோல நின்றாள்.

வேம்புலி பந்தைவிட்டு விலகி வந்தார். டூல் ரூமில் ஒரு பழைய லேத் இருந்தது. சுவிட்சைப் போட்டால் உறுமும், சுற்றாது. அதன் சுழலும் தலையை லேசாகக் கையால் எதிர்த்திசையில் தள்ளிவிட்டால் உடனே பிடித்துக்கொள்ளும். எந்தக் காரணமும் இல்லாமல் அது நினைவுக்கு வந்தது. மறுபடி போய் நின்றார். இந்த முறை எதையும் நினைக்காமல், வலது முழங்காலை மட்டும் பந்தின் பக்கமாக லேசாக உள்ளே தள்ளினார். தள்ளியது திரும்பி வரும்போது இடுப்பு கூடவே வந்தது, இடுப்போடு தோளும் மட்டையும் பின்னால் போயின. முழுசாகப் போகவில்லை, பாதிதான் போனது. ஆனால் அந்தப் பாதி தானாகப் போனது. கீழே வரும்போது இடுப்பு முதலில் திரும்பியதை உணர்ந்தார். டக்கென்று சத்தம் கேட்டது. மட்டையின் நடுவில் பட்டால் மட்டும் வருகிற சத்தம் அது, கைக்கு அடி பட்டதே தெரியாது. பந்து தாழப் பறந்து, பழைய தூரத்தில் பாதியில் இறங்கி, புல்லில் உருண்டு நின்றது.

"இன்னா பண்ண இப்ப?" என்றாள் சொர்ணம்.

"முட்டியத் தட்டி எழுப்பினேன்" என்றார் அவர்.

அன்றைக்கு நாலைந்து முறை பந்து புதருக்குள் போனது. இரண்டு முறை மட்டை தரையைக் குத்தியது. ஆனால் கிளம்ப முடியாமல் மட்டும் நிற்கவில்லை. அடுத்த வாரங்களில் அவர் தன் வீச்சையே வேறாக்கிக்கொண்டார். பெரிய வீச்சு இனி வராது, அதைத் தேடக்கூடாது. தோள் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு போதும். பாதங்களைக் கொஞ்சம் நெருக்கி வைத்துக்கொண்டார். பிடியை இன்னும் தளர்த்தினார். வாய்க்குள் ஒரு தாளம் வைத்துக்கொண்டார், தள்ளு, போ, வா என்று. குதிகாலைப் பற்றி நினைப்பதையே விட்டுவிட்டார். சில நாள் எழும்பியது, சில நாள் எழும்பவில்லை.

பார்த்தசாரதியிடம் உண்மையைச் சொன்னது பொங்கல் கழித்து. ஒரே பந்தை இருவரும் மாறி மாறி அடிக்கும் இரட்டையர் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா என்று அவர் கேட்டபோது மறைக்க முடியவில்லை. கேன்டீன் வேப்பமரத்தடியில் நின்று சொன்னார். பார்த்தசாரதி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"குதிகால், குதிகால்னு உங்களைப் போட்டுப் படுத்தினேனே வேம்புலி."

"நீங்க சொன்னது சரிதான் சார். காலு தள்ளவேயில்ல. ஏன் தள்ளலன்னுதான் ரெண்டு பேருக்கும் தெரில. எனக்கு மட்டையத் தூக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் நேரம் ஆவும். அவசரப்படுத்தாம நின்னீங்கன்னா போதும்."

"நிக்கறேன்" என்றார் பார்த்தசாரதி. சாயங்காலம் போய் இருவர் பெயரையும் கொடுத்தார்.

போட்டியில் முதல் ஜோடியை ஜெயித்தார்கள். ஜெயித்ததில் வேம்புலியின் பங்கு குறைவில்லை. அவர் பந்து தூரம் போகாவிட்டாலும் காணாமல் போகவில்லை. இரண்டாவது ஆட்டம் பட்டாளத்து ஆட்கள் இருவரோடு. வெயில் ஏறிய நேரம், மாத்திரையின் வேகம் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசிக் குழியில் வேம்புலி பந்துக்கு முன்னால் நின்றபோது முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. எதிராளிகளில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்தசாரதி அவருக்கும் வேம்புலிக்கும் நடுவில் வந்து, முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தன் தொப்பியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். அந்த நேரம் போதுமானதாக இருந்தது. வேம்புலி தள்ளினார், போனது, வந்தது. பந்து பிரவுனின் விளிம்பில் போய் நின்றது. அடுத்ததைப் பார்த்தசாரதி உருட்டினார். குழியின் உதட்டைத் தொட்டு வெளியே போனது. தோற்றார்கள்.

"என் தப்பு" என்றார் பார்த்தசாரதி.

"உடுங்க சார். மண்ணு அங்க சாய்வு" என்றார் வேம்புலி. தோற்ற வருத்தம் இருந்தது. ஆட்டக்காரனுக்கு வருகிற சாதாரண வருத்தம். அது திரும்பி வந்ததே அவருக்கு ஆறுதலாக இருந்தது.

ரிடையர் ஆன பிறகும் அவர் சில வருஷம் ஆடினார். வீச்சு இன்னும் சுருங்கியது, அப்புறம் நீளமான மட்டைகளை விட்டுவிட்டுச் சின்ன மட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டார். சொர்ணம் ஒவ்வொரு ஞாயிறும் கூடவே நடந்தாள். முத்தலிப் அவ்வப்போது வந்து வேம்புலியைப் படம் பிடித்துக் கொடுத்தார். டாக்டர் அந்த கேசட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

ஒரு ஞாயிறு, யாரும் இல்லாத காலையில், "குடு, நானும் ஒரு தபா அடிச்சிப் பாக்கறேன்" என்றாள் சொர்ணம். வேம்புலி சிரித்துக்கொண்டே மட்டையைக் கொடுத்தார். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். முதல் வீச்சு காற்றில் போனது. இரண்டாவது புல்லைப் பெயர்த்தது. மூன்றாவதில் பந்து நகர்ந்து, சின்ன எலி மாதிரி புல்லுக்குள் ஓடி, கொஞ்ச தூரத்தில் நின்றது.

"எம்மாம் தூரம் பூட்சி பாரு!" என்றாள்.

"பூட்சி, பூட்சி" என்றார் வேம்புலி. இருவரும் அந்தப் பந்தை எடுக்க நடந்தார்கள்.